மண்ணை இறுக்க சிமெண்ட் பவுடரா, கரைசலா?

பாசிர்ரிஸ்_தம்பி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே தற்காலிகச் சாலை போடப் போகிறோம். மண்ணில் சிமெண்ட் பவுடரைத் தூவிக் கிளறச் சொல்கிறார்கள். தண்ணீரில் கரைத்து ஊற்றலாம் என்பது என் கட்சி. லேசாகக் காற்றடித்தாலே பவுடர் வீட்டு ஜன்னல்களுக்குள் போகிறது. நனைந்த சிமெண்டின் பிஎச் (காரத்தன்மை அளவு) 12ஐத் தாண்டும், அதாவது கடும் காரம். வேர்வையோடு பூட்ஸுக்குள் இறங்கினால் தோல் வெந்துவிடும், அதுவும் சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போதுதான் தெரியும்.

துவாஸ்_அண்ணன்: தூசி உண்மைதான் தம்பி. ஆனால் தண்ணீர்க் கணக்கைப் போட்டீர்களா? ஒரு கன மீட்டர் மண்ணின் உலர் எடை 1,800 கிலோ என்று வையுங்கள். 5 சதவீத சிமெண்ட் என்றால் 90 கிலோ. சரிக்குச் சரி கரைத்தால் 90 லிட்டர் தண்ணீரும் கூடவே போகும். ஈரம் 5 சதவீதம் ஏறிவிடும். புக்கித் தீமா பக்கத்துச் செம்மண் மழைக்குப் பிறகு, ரோலரில் நன்றாக இறுகுவதற்கு வேண்டிய ஈரத்தை ஏற்கெனவே தாண்டியிருக்கும். அதில் கரைசலையும் ஊற்றி ரோலரை ஏற்றினால் மண் மெத்தை மாதிரி அமுங்கி எழும். இறுகவே இறுகாது. பவுடர் அந்த ஈரத்தைக் குடித்துக்கொள்ளும்.

பாசிர்ரிஸ்_தம்பி: அது ஈர மண்ணுக்குச் சரி அண்ணே. எங்கள் இடத்தில் இருப்பது கொட்டி நிரப்பிய மணற்பாங்கான மண். வேண்டிய ஈரத்துக்கு 6 சதவீதம் குறைவு. பவுடர் போட்டாலும் பின்னாலேயே தண்ணீர் லாரி வரத்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றாகவே ஊற்றினால் என்ன?

களிமண்_காரன்: ஒரு விஷயம். மரினா பே பக்கம் கடல் களிமண் சொதசொதவென்று இருக்கும், அங்கேயே ஆழத்தில் கரைசலைத்தான் செலுத்துகிறார்கள். அங்கே ரோலர் வேலை இல்லை, பலம் முழுக்க சிமெண்டின் பிடிப்பிலிருந்து வருகிறது. ஸ்வீடனில் அதே மாதிரி ஈரக் களிமண்ணுக்குள் காற்றழுத்தத்தால் உலர்ந்த பவுடரையே அனுப்புகிறார்கள். ஈரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

துவாஸ்_அண்ணன்: நாம் பேசுவது சாலை, ரோலர் இல்லாமல் நடக்காது. இன்னொன்று, பவுடர் ஈர மண்ணைத் தொட்ட பிறகுதான் இறுக ஆரம்பிக்கும். கரைசலுக்கோ கலந்த நிமிடமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். தீவு விரைவுச்சாலையில் லாரி மாட்டிக்கொண்டால் பாதி நேரம் போச்சு. டேங்கில் கலக்கி நின்றால் சிமெண்ட் அடியில் படியும், மேலே வெறும் சாம்பல் தண்ணீர். அப்புறம் டேங்க் கழுவிய தண்ணீர்! வடிகாலில் விடும் நீரில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுப் பயனீட்டுக் கழக விதி. கழுவுநீர் அப்படியே போனால் அதன் காரமும் வடிகாலுக்குத்தான்.

பாசிர்ரிஸ்_தம்பி: கழுவுநீரைப் பிடித்து அடுத்த கலவைக்கே ஊற்றிவிடலாம். லாரிப் பிரச்சினைக்கு சைட்டிலேயே கலக்கும் இயந்திரம் வைக்கலாம். தினமும் காலையில் மண் ஈரத்தைச் சோதித்து, அதற்கேற்பக் கரைசலில் தண்ணீரைக் குறைப்போம். மழை பெய்தால் அன்று வேலை நிறுத்தம். ஆனால் ஜன்னல்களுக்குக் கீழே பவுடர் தூவ மட்டும் சம்மதிக்க மாட்டேன்.

துவாஸ்_அண்ணன்: டிசம்பர் மழையில் அப்படி எத்தனை நாள் நிறுத்துவீர்கள்? தூவும் இயந்திரத்தில் தூசி வெளியேறாமல் தரைவரை தொங்கும் பாவாடைத் திரை மாட்டி, காற்றில்லாத நேரத்தில் போடுங்கள். என் ஓட்டு இன்னும் பவுடருக்குத்தான்.