பிளஸ் டெர்மினல் மட்டும் திரும்பத் திரும்பப் பூக்குது, என்ன செய்யலாம்?

லோடுவண்டி:
டிராக்டர், 12 வோல்ட் 88 ஆம்பியர்-அவர் பேட்டரி. பிளஸ் பக்கம் மட்டும் பச்சையும் வெள்ளையுமா உப்புப் பூக்குது. வெந்நீர் ஊத்திக் கழுவி, போஸ்ட்ல (பேட்டரி மேல நிக்கற ஈயக் குமிழ்) கிரீஸ் தடவி, ஒயர் முனையில இருக்கற கிளாம்ப்பைப் போட்டு முடுக்கினா மூணு வாரத்துல மறுபடி அதே கதை. காலையில செல்ஃப் (ஸ்டார்ட்டர்) அடிச்சா 'டிக்'னு சத்தம் மட்டும்தான். டிரெய்லர் லைட் ஒயரும் அந்தக் கிளாம்புக்குள்ளதான் செருகியிருக்கு.

மின்வேலை:
கிரீஸை முதல்ல போஸ்ட்ல தடவாதீங்க. ஈயமும் ஈயமும் பளிச்சுனு ஒட்டணும். முடுக்கின பிறகு மேலாக வாஸ்லின் பூசினா போதும்.

மைனஸை முதல்ல கழற்றுங்க, மாட்டும்போது கடைசியா மாட்டுங்க. இல்லாட்டி பிளஸ்ல இருக்கற ஸ்பேனர் பாடியில பட்டு பொறி பறக்கும். செல் மூடியில இருக்கற சின்னத் துளைகளை டேப் ஒட்டி மறைச்சுட்டு, கால் லிட்டர் தண்ணியில ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து, நுரை அடங்கற வரைக்கும் ஊத்துங்க. சோடா செல்லுக்குள்ள போனா ஆசிட் கெட்டுடும். அப்புறம் நல்ல தண்ணி, துணி, கம்பி பிரஷ். டேப்பை எடுக்க மறந்துடாதீங்க, வாயு வெளியேற வழியில்லாம பேட்டரி வெடிக்கலாம். காய்ஞ்ச பொடியை ஊதாதீங்க, அதுல ஈயம் இருக்கு.

பழைய ஸ்பேனர்:
கழுவினா மட்டும் நிக்காது. பச்சைன்னா ஆசிட் ஒயர்ச் செம்பைத் தின்னுதுன்னு அர்த்தம். உறையைக் கொஞ்சம் கீறிப் பாருங்க, உள்ளே கறுத்திருந்தா பளபளப்பான செம்பு வர்ற வரைக்கும் வெட்டிட்டு புது லக் (ஒயர் நுனியில மாட்டற உலோக முனை) போடுங்க.

ஆசிட் ஆவி ஏன் வருதுன்னும் பார்க்கணும். டிஸ்டில்டு வாட்டரை மேல் கோட்டுக்கு மேல ஊத்தினா சார்ஜ் ஆகும்போது பொங்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில வோல்ட் மீட்டர் வைங்க, 13.8-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். இரண்டும் சரின்னா போஸ்ட் அடியில பிளாஸ்டிக்ல விரிசல் இருக்கலாம், அதை ஒட்டவைக்க முடியாது.

மின்வேலை:
டிரெய்லர் ஒயரை அங்கிருந்து எடுங்க. கிளாம்ப் சரியா இறுகாததுக்கு அதுவும் காரணம். தனி லக், 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு கிளாம்ப் போல்ட்ல மாட்டுங்க. அப்புறம் மீட்டரோட ஒரு முனை போஸ்ட் தலையில, இன்னொண்ணு கிளாம்ப்ல வெச்சு செல்ஃப் அடிங்க. 0.2 வோல்ட்டைத் தாண்டினா இன்னும் அழுக்கு இருக்கு.

லோடுவண்டி:
எஞ்சின் ஓடும்போது 15.3 காட்டுது.

பழைய ஸ்பேனர்:
அப்போ ஓவர்சார்ஜ்தான். சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டரைப் புதுசா வாங்கறதுக்கு முன்னாடி, இருக்கற ரெகுலேட்டரோட எர்த் ஒயரைக் கழற்றி எமரி போட்டுத் தேய்ச்சு மாட்டிப் பாருங்க. அது தளர்ந்திருந்தாலும் ரெகுலேட்டருக்கு வோல்ட் குறைவாத் தெரியும், ஏத்திக்கிட்டே போகும்.