எஸ்.எஸ். காலனி தெருக் குழு: நெட் ஸ்பீடு இருக்கு, ஆன்லைன் கிளாஸ் குரல் திக்குது

மல்லிகா: தம்பிகளா, 100 எம்பிபிஎஸ் பிளான். பாப்பா ஆன்லைன் கிளாஸ்ல இருக்கையில போட்டோ பேக்கப் ஓடுனா குரல் விட்டு விட்டு வருது. 200க்கு மாத்திரவா?

ரஃபீக்: வேணாங்க்கா. லேப்டாப்ப கேபிள்ல மாட்டி 8.8.8.8க்கு (கூகுள் சர்வர்) பிங் விடுங்க, போய்த் திரும்ப எத்தன மில்லிசெகண்ட் ஆகுதுன்னு காட்டும். கூடவே பெரிய வீடியோ ஒன்ன அப்லோடு போடுங்க.

மல்லிகா: சும்மா இருக்கையில 18 மில்லிசெகண்ட். அப்லோடு ஓடுனா 800. நிறுத்துனா திரும்ப 18. அப்லோடு ஸ்பீடு 10தான் பாய்.

ரஃபீக்: அதாங்க்கா விஷயம். டேட்டா துண்டு துண்டாத்தான் போகும், அதுதான் பாக்கெட். 10 எம்பிபிஎஸ்ல 1500 பைட் பாக்கெட் ஒன்னு வெளிய போக 1.2 மில்லிசெகண்ட். மோடத்துல 1 எம்பி தேங்குனா ஏறக்குறைய 670 பாக்கெட், 800 மில்லிசெகண்ட். 200 பைட் குரல் பாக்கெட்டும் அதுக்குப் பின்னாலதான் நிக்கணும். பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு ஐடியுவோட ஜி.114 பரிந்துரை சொல்லுது.

மல்லிகா: ரூட்டர்ல குரலுக்கு முன்னுரிமை போட்டும் கேக்கலயே?

சுந்தர்: கேக்காதுக்கா. ரூட்டர்ல இருந்து மோடத்துக்கு 1 ஜிபிபிஎஸ் லிங்க், அங்க வரிசையே நிக்காது. கூட்டம் பூரா மோடத்துல. அந்த வரிசைய நம்ம ரூட்டருக்கு இழுத்துட்டு வரணும். ரூட்டர்ல ஓபன்டபிள்யூஆர்டி சாஃப்ட்வேர் தான போட்டிருக்கீங்க?

மல்லிகா: ஆமாப்பா.

சுந்தர்: எஸ்க்யூஎம்னு வரிசைய நிர்வகிக்கிற பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணுங்க. இன்டர்ஃபேஸ் வேன் (WAN), அதாவது மோடம் பக்கம். ரூட்டர்லயே வரிசை நிக்கணும்னா லைன் வேகத்த விடக் கொஞ்சம் கம்மியா போடணும்: அப்லோடு 9000 கிலோபிட், டவுன்லோடு 85000. க்யூ டிசிப்ளின், அதாவது வரிசைய நடத்துற முறை, 'கேக்' (CAKE), ஸ்கிரிப்ட் 'பீஸ் ஆஃப் கேக்'. லிங்க் லேயர் ஈதர்நெட், ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டோடயும் கூடப் போற பைட்) 44. ஸ்பீட ராத்திரி 9 மணிக்கு அளந்து போடுங்க. காலைல ஆளில்லாதப்ப அளந்தத வச்சா, ராத்திரி லைன் குறையுறப்ப வரிசை மறுபடி மோடத்துக்கே போயிரும்.

ரஃபீக்: ஹார்ட்வேர் ஆஃப்லோடிங் (பாக்கெட்ட சிப்பே நேரா தள்ளி விடுறது) டிக்க எடுத்துருங்க. இருந்தா பாக்கெட் எஸ்க்யூஎம் கண்ணுல படாமயே தாண்டிரும். நெறைய பேர் இங்கதான் கோட்ட விடுறது.

மல்லிகா: கேக் உள்ள என்னதான் பண்ணுது?

ரஃபீக்: ஒவ்வொரு டேட்டா ஓட்டத்துக்கும், பேக்கப்புக்கு ஒன்னு, குரலுக்கு ஒன்னுன்னு, தனி வரிசை. ரேஷன் கடையில பத்து கார்டு கொண்டாந்தவர், ஒன்னு முடிஞ்சதும் திரும்பக் கடைசில போய் நிக்கிற மாதிரி. குரல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு சின்ன பாக்கெட்தான் அனுப்பும், அதனால வந்ததும் முன்னால போயிரும், தனியா அடையாளம் குத்த வேண்டியதில்ல. பேக்கப் வரிசையில காத்திருப்பு 100 மில்லிசெகண்டு நேரமா 5 மில்லிசெகண்டுக்குக் கீழ எறங்கவே இல்லன்னா அதுல ஒரு பாக்கெட்ட கீழ போடும். அனுப்புறவன் வேகத்தக் கொறச்சுக்குவான். நெட்வொர்க் ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் 2012ல சொன்ன கோடெல் முறைதான் இதுக்கு அடிப்படை.

மல்லிகா: போட்டாச்சு. அப்லோடு ஓடுது, பிங் 24! ஆனா பின் ரூம்ல போன்ல 150 காட்டுது.

சுந்தர்: அது வைஃபை வரிசைக்கா, எஸ்க்யூஎம் அத தொடாது. அந்த ரூமுக்கு கேபிள் இழுத்து ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை தர்ற பெட்டி) வைங்க. இல்லன்னா கிளாஸ் லேப்டாப்ப மட்டுமாவது கேபிள்ல மாட்டுங்க.