புதுப்பிப்பு: எங்கள் குப்பத்தின் வரைபடம் எதுவரை வந்திருக்கிறது

அரசின் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைவு வரைபடத்தில் எங்கள் வலை காயவைக்கும் திடலும் கருவாட்டுக் களமும் வெற்று மணலாகக் கிடக்கின்றன, நாங்களே அளக்கப் போகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டீர்கள்.

அளந்து முடித்தாயிற்று. செல்பேசி ஜிபிஎஸ்ஸோடு இளைஞர்கள் பின்னால் வர, எல்லையை நடந்து காட்டியவர்கள் கருவாடு போடும் பெண்கள்தான். வாடைக் காலத்தில் கடல் ஏறும்போது படகுகளை எதுவரை இழுத்துப் போடுவார்கள் என்று ஒரு பாட்டி மணலில் குச்சியால் கோடு கிழித்தார். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் காலியாகத்தான் தெரியும்!

மீனவர் பொதுவிடங்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதனால் சலுகை கேட்கவில்லை, விடுபட்டதைச் சேர்க்கச் சொல்கிறோம். வரைபடம் தயாரிக்க உதவும் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஒவ்வொரு இடத்தையும் சர்வே எண்ணோடு பொருத்தினோம். போட்டோக்களை மட்டும் காட்டியபோது "பார்க்கிறோம்" என்ற அதிகாரிகள், இப்போது மனுவை வாங்கிக் கையெழுத்திட்டு, நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை.

அப்புறம், கடலுக்குள் இருக்கும் பார்களை, அதாவது மீன் கூடும் பாறைத்திட்டுகளை, பொதுவில் போடவில்லை. விசைப்படகுகளுக்கு வழிகாட்டியதாகிவிடும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. எனக்கும் அதுவே சரி.

வேறு கடற்கரை ஊர்களில் தொடங்குகிறவர்கள் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படங்களை (ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் படங்கள்) கேட்டு வாங்குங்கள்.