கலைச்சொல்: 'இடைநாடாளுமன்ற' வேண்டாம், 'நாடாளுமன்றங்களிடை' என்போம்

> பல நாடுகளின் நாடாளுமன்றங்கள் சேர்ந்த ஜெனீவா அமைப்பின் (Inter-Parliamentary Union) பெயரை 'இடைநாடாளுமன்ற ஒன்றியம்' என்று எழுதியிருக்கிறேன். பதிப்பாசிரியர் 'சர்வதேச நாடாளுமன்ற ஒன்றியம்' என்று மாற்றச் சொல்கிறார். எது சரி?

இரண்டுமே இடறும், ஐயா.

'இடை' முன்னால் வந்தால் இன்றைய அரசியல் தமிழில் காலத்தைத்தான் சுட்டும்: இடைத்தேர்தல், இடைக்கால அரசு, இடைக்காலத் தடை. 'இடைநாடாளுமன்றம்' என்று படிப்பவர், ஓர் அவை கலைந்து அடுத்தது வரும்வரை இருக்கும் தற்காலிக அவை என்றே எடுத்துக்கொள்வார். அதே 'இடை' பின்னால் நின்றால் ஏழாம் வேற்றுமை உருபு. 'நாடாளுமன்றங்களிடை' என்றால் பொருள் பிசகாது.

'சர்வதேச' என்றதும் நாடுகளே உறுப்பினர் என்று தோன்றும். இங்கே உறுப்பினர் நாடல்ல, அதன் நாடாளுமன்றம். 1889-இல் பாரிசில் பிரிட்டனின் கிரிமரும் பிரான்சின் பாஸியும் இதைத் தொடங்கக் கூட்டிய கூட்டத்துக்கு வந்தவர்கள் அரசுகளின் தூதர்கள் அல்லர். நாடுகளின் பூசல்களை நடுவர் தீர்ப்புக்கு விட வேண்டும் என்று கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள்.

அந்த வேறுபாடு இன்றும் வாக்கெடுப்பில் தெரியும். ஒரு நாடாளுமன்றம் அனுப்பும் குழுவுக்குக் குறைந்தது 10 வாக்கு. மக்கள்தொகைக்கு ஏற்ப அது கூடும், 30 கோடியைத் தாண்டிய நாட்டுக்கு 23. குழு இவற்றைப் பிரித்துப் போடலாம். ஆளுங்கட்சிக்காரர் ஆதரித்த தீர்மானத்தை அதே நாட்டின் எதிர்க்கட்சிக்காரர் எதிர்க்கலாம். ஒருவர் 10 வாக்குக்கு மேல் போட முடியாது. ஐ.நா. பொதுச்சபையிலோ ஒரு நாட்டுக்கு ஒரே வாக்கு, அதுவும் அரசின் வாக்கு. தொடர்ந்து 3 கூட்டங்களுக்கு ஒரே பாலினத்தவரை மட்டும் அனுப்பினால் குழுவில் ஓரிடம் போகும், வாக்கும் குறையும். ஆட்சிக் கவிழ்ப்பில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டால் இங்கே உறுப்புரிமை நிறுத்தப்படலாம், நாடு ஐ.நா.வில் தொடர்ந்து இருக்கும். இத்தனையும் 'சர்வதேச' என்ற சொல்லில் மறைந்துவிடுகின்றன.

சிலர் எழுதும் 'அனைத்து நாடாளுமன்ற' என்பதும் ஆகாது. அமெரிக்கக் காங்கிரஸ் அதில் இல்லை.

> ஐரோப்பிய மன்றத்தின் (Council of Europe) நாடாளுமன்றப் பேரவைக்கும் இதே சொல்லா?

இல்லை. ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள அந்தப் பேரவை 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிறந்த, அந்த மன்றத்தின் உறுப்பு. ஒவ்வொரு நாடும் தரும் 3 பெயர்களில் ஒருவரை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு நீதிபதியாகத் தேர்ந்தெடுப்பது அதுதான். வெளியில் நின்று அரசுகளை வற்புறுத்தும் ஜெனீவா ஒன்றியத்துக்கும், அமைப்புக்குள்ளேயே அதிகாரமுள்ள பேரவைக்கும் ஒரே சொல்லைப் போட்டால், அதிகாரம் எங்கே இருக்கிறது என்று வாசகர் குழம்புவார். ஒன்றியம், சங்கம், பேரவை மூன்றையும் கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

> காமன்வெல்த் அமைப்பையும் 'நாடாளுமன்றங்களிடைச் சங்கம்' எனலாமா? அதில் நம் மாநிலச் சட்டமன்றங்களும் கிளைகள் ஆயிற்றே?

இது நல்ல ஆட்சேபம். 1911-இல் பேரரசு நாடாளுமன்றச் சங்கமாகத் தொடங்கி 1948-இல் பெயர் மாறிய அமைப்பு அது. தமிழ்நாடு சட்டமன்றமும் அதன் கிளை. ஆங்கிலத்தில் 'Parliamentary' என்ற ஒரே அடைமொழி நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டையும் அடக்கும். தமிழில் சட்டமன்றத்தை யாரும் நாடாளுமன்றம் என்பதில்லை. வெறும் 'மன்றங்களிடை' என்று சுருக்கினால் நீதிமன்றமும் உள்ளே வந்துவிடும். ஆகவே அதன் பெயரை வழக்கிலுள்ளபடி 'காமன்வெல்த் நாடாளுமன்றச் சங்கம்' என்றே விடலாம். இலங்கை வாசகருக்கானால் 'பொதுநலவாயப் பாராளுமன்றச் சங்கம்'. இவ்வகை அமைப்புகளைப் பொதுவாகச் சொல்லும் இடத்தில் மட்டும் 'சட்டமியற்றும் அவைகளிடை அமைப்புகள்' என்று விரித்து எழுதுங்கள். நீளம்தான், ஆனால் பிழையில்லை.

சந்தியையும் கவனியுங்கள்: நாடாளுமன்றங்களிடை ஒன்றியம், நாடாளுமன்றங்களிடைக் குழு, நாடாளுமன்றங்களிடைத் தீர்மானம். இந்த 'இடை'யை அடுத்து வல்லினம் மிகும்.