கலைச்சொல்: ஃபிரைஹெர் – பேரனா, பிரபுவா, தற்கிழாரா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மிதிவண்டியின் மூதாதையைச் செய்த ஜெர்மானியர் கார்ல் டிரைஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். அவருக்கிருந்த 'ஃபிரைஹெர்' என்ற ஜெர்மன் பிரபுக்குலப் பட்டத்துக்கு (ஆங்கிலத்தில் Baron, 'பேரன்') தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். மறுமொழி எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> பேரன் என்றே ஒலிபெயர்த்துவிடலாமே.

வேண்டாம் ஐயா. என் முதல் வரைவில் அப்படித்தான் இருந்தது. "பேரன் கார்ல் டிரைஸ் 1785இல் கார்ல்ஸ்ரூ நகரில் பிறந்தார்" என்ற வரியைப் படித்த என் மகள், "யாரோட பேரன்ப்பா?" என்று கேட்டாள். அடுத்த வரியில் அவருடைய அப்பா வருகிறார். பிள்ளை தாத்தாவைத் தேடிக்கொண்டே ஒரு பக்கம் படித்திருக்கிறாள். அன்றைக்கே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

> பிரபு போதாதா? கர்சன் பிரபு, ரிப்பன் பிரபு என்று பழகிய சொல்தானே.

பழகியதுதான் சிக்கல். பிரபு என்றதும் நமக்கு ஆங்கிலேய முறை நினைவுக்கு வந்துவிடுகிறது. அங்கே அப்பா இறந்தபின் மூத்த மகனுக்குப் பட்டம் போகும். ஜெர்மனியில் அப்படி இல்லை. ஃபிரைஹெர் வீட்டில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லோருமே ஃபிரைஹெர், அப்பா உயிரோடு இருக்கும்போதே. டிரைஸின் அப்பா, அன்றைய ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பாடனின் உயர் நீதிபதி, மகன் காட்டு அலுவலர். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பட்டம். மனைவி ஃபிரைஃபிராவ், மணமாகாத மகள் ஃபிரைஇன். ஒரு குடும்பத்துக்கே மூன்று சொல் வேண்டியிருக்கிறது. பிரபுவை வைத்துக்கொண்டு மகளை எப்படி எழுதுவது?

'ஃபிரை' என்றால் கட்டற்ற, 'ஹெர்' என்றால் உடையவர். இடையில் இன்னொரு தலைவருக்குக் கட்டுப்படாமல் நேரே அரசருக்கு மட்டும் கடமைப்பட்டவர் என்பது பழைய பொருள். இதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது: கிழார். கோவூர் கிழார், அரிசில் கிழார் என்று ஊரை முன்னால் வைத்துச் சொல்கிறோமே, அதே வேலையைத்தான் ஜெர்மனில் 'ஃபான்' செய்கிறது. டிரைஸின் முழுப்பெயர் 'டிரைஸ் ஃபான் சவர்பிரொன்' என்று முடியும்.

> கிழார் என்றால் கிழவர் என்று நினைக்க மாட்டார்களா? தவிர, டிரைஸுக்கு ஏது நிலம்?

முதல் கேள்விக்கு: கிழமை என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி அம்மா, இரண்டு நாள் யோசித்தேன். டிரைஸ் காலத்தில் அந்தப் பட்டத்துக்கு நிலம் தேவைப்படவில்லை, குடிப்பெயராக ஒட்டிக்கொண்டிருந்தது. நம் சேக்கிழாரைப் பாருங்கள். அது அவர் பிறந்த குடியின் பெயர். அவர் பார்த்ததோ சோழனிடம் அமைச்சர் வேலை. அரசு வேலையில் இருந்துகொண்டு குடிப்பட்டத்தைச் சுமந்தவர் என்ற வகையில் இரண்டும் பொருந்துகின்றன.

'கட்டற்ற' என்பதற்குத் 'தன்' சேர்த்தேன். தன் + கிழார் = தற்கிழார். நன்னூல் சொல்லும் தற்கிழமையும், அதாவது உடையவரிடமிருந்து பிரிக்க முடியாத உடைமையும், கூடவே காதில் விழும். நிலம் பிறிதின்கிழமை, விற்றால் போய்விடும். கை கால் தற்கிழமை. பிறப்போடு வந்து உடம்போடு ஒட்டியிருக்கும் பட்டத்துக்கு இதைவிடப் பொருத்தம் எனக்குத் தோன்றவில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், டிரைஸின் கதையே அந்த ஒட்டைப் பிய்த்தெறிந்த கதை. 1817 ஜூன் 12 அன்று மன்ஹைமிலிருந்து மரத்தாலான இருசக்கர வண்டியில் கிளம்பினார். மிதிகட்டை கிடையாது. நடுவில் இருக்கை, முன்னால் முழங்கைகளை ஊன்ற ஒரு பலகை, கால்களால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். சுவெட்சிங்கன் சாலையில் ஒரு சாவடி வரை போய்த் திரும்ப, சுமார் 13 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மிதிவண்டியின் மூதாதை அதுதான். அப்புறம் 1822இல் பிரேசிலுக்குப் போய் 1827இல் திரும்பினார். பாடனில் மக்களாட்சி கேட்டு எழுந்த 1849 புரட்சியின்போது பட்டத்தைத் துறந்து 'குடிமகன் கார்ல் டிரைஸ்' என்று அறிவித்துக்கொண்டார். பிரஷ்யப் படை புரட்சியை நசுக்கியபின் அவருடைய ஓய்வூதியம் பறிபோனது, பித்தர் என்று முத்திரை குத்திப் பூட்டிவைக்கவும் முயன்றார்கள். 1851 டிசம்பர் 10இல் கையில் காசில்லாமல் இறந்தார்.

இதில் 'பிரபுப் பட்டத்தைத் துறந்தார்' என்று எழுதினால், பெரிய பண்ணையார் ஒருவர் செல்வத்தை விட்டார் என்ற படம்தான் வரும். அவர் விட்டது செல்வமல்ல, பிறப்பால் வந்த பெயர்.

ஒரு விதிவிலக்கு மட்டும் சேர்க்க வேண்டும். 1919இல் ஜெர்மனி குடியரசானபின் வந்த வைமார் அரசியலமைப்பின் 109ஆம் உறுப்பு பிரபுக்குலப் பட்டங்களை வெறும் பெயரின் பகுதியாக ஆக்கிவிட்டது. ஆகவே அதற்குப் பிந்தியவர்களுக்கு மொழிபெயர்க்கக் கூடாது, 'ஃபிரைஹெர்' என்றே ஒலிபெயர்த்து எழுதலாம். ஆஸ்திரியாவில் அதே ஆண்டு 'ஃபான்' உட்பட எல்லாவற்றையும் ஒழித்துவிட்டார்கள், அங்கே இந்தக் கேள்வியே இல்லை.

மனைவிக்குத் தற்கிழத்தி என்று வைத்திருக்கிறேன். மகளுக்குத் தற்கிழார்மகள் என்பது நீளமாக இருக்கிறது, விளிக்கவும் வராது. யாராவது இதைவிடச் சிறியதாக ஒன்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.

அன்புடன்.