வாரலா, சாரிகையா, சறுக்கலா: ட்ரிஃப்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் வாகனப் பொறியியல் நடத்தும் எனக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவைப்படுகிறது. வளைவில் வண்டியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது, டயரின் பிடி எப்போது விட்டுப்போகிறது என்று கரும்பலகையில் வரைந்தால் கொட்டாவி விடும் பையன்கள், ஃபோர்சா ஹொரைசன் 5 என்ற கார்ப் பந்தய வீடியோ விளையாட்டில் அதே வேலையை விடிய விடியச் செய்கிறார்கள். ஆகவே அந்த விளையாட்டில் வண்டியின் அமைப்புகளை மாற்றும் டியூனிங் பக்கத்தையே பாடமாக வைத்துக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். காற்றழுத்தம், கியர் விகிதம், சுருள்வில்லின் விறைப்பு ஆகியவற்றில் இடர்ப்பாடு இல்லை. தலைப்பில் வரும் ட்ரிஃப்ட் என்ற சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன்.

பின்சக்கரங்களின் பிடியை வேண்டுமென்றே விடுவித்து, வண்டியின் மூக்கு வளைவின் உட்புறம் பார்த்திருக்க, முன்சக்கரங்களை எதிர்ப்புறம் திருப்பி, ஆக்சிலரேட்டரைக் கூட்டியும் குறைத்தும் அந்தக் கோணத்தைத் தாங்கிப் பிடித்தவாறே வளைவைக் கடப்பதுதான் ட்ரிஃப்ட். அகராதிகள் தரும் நகர்வும் பெயர்ச்சியும் கண்டங்களுக்குப் பொருந்தும். வகுப்பில் பெயர்ச்சி என்று சொன்னால் சனியா, குருவா என்று கேட்பார்கள்.

தேவகோட்டையிலிருந்து:

ஐயா, புதிதாகச் சொல் ஆக்க வேண்டிய தேவையே இல்லை; சாரிகை என்ற சொல் இருக்கிறது. குதிரையும் தேரும் போர்க்களத்தில் வட்டமிட்டுச் சுழல்வதைச் சாரிகை என்றும், இடமும் வலமுமாகத் திரிவதை இடசாரி, வலசாரி என்றும் நம் புலவர்கள் சொன்னார்கள். இடப்பக்க வளைவுக்கு ஒன்று, வலப்பக்க வளைவுக்கு ஒன்று என இரண்டு சொற்கள் கைவசம் இருக்க, எதற்காக வெளியே தேட வேண்டும்?

இதை வடசொல் என்று தள்ளுவோருக்கு ஒன்று சொல்வேன். சார்தல் என்பது ஒரு பக்கமாகச் சாய்தல். நேரே விழாமல் காற்றின் போக்கில் பக்கவாட்டில் அடிக்கும் மழையைச் சாரல் என்கிறோம். மூக்கு ஒரு திசையையும் உடல் வேறொரு திசையையும் நோக்கச் செல்லும் வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான வேர் எங்கே கிடைக்கும்? நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் வண்டியோட்டியைச் சாரதி என்பதும் இந்த வேரிலிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. பெரிய மாடு என்ற பிரிவில் போகவர 8 மைல் என்று விடும்போது, எல்லையில் வண்டியைத் திருப்புகிற சாரதியின் கையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கண்டனூரிலிருந்து:

சாரலை ஒப்புக்கொள்கிறேன்; சாரதியை விட்டுவிடுங்கள். அது ரதத்தோடு இருப்பவன் என்ற பொருளில் வடமொழியில் அமைந்த சொல். மேலும், பந்தய மாட்டுவண்டிக்கு ஒரே அச்சு, இரண்டே சக்கரம். பின்னச்சு மட்டும் பிடிவிடுவதுதான் இங்கே பேச்சு என்னும்போது, முன்னச்சு பின்னச்சு என்ற பிரிவே இல்லாத வண்டியை உவமைக்கு எடுப்பது எப்படி?

பள்ளத்தூரிலிருந்து:

நானும் இந்த விளையாட்டை ஆடுகிறவன். வகுப்பில் ஒருவன் "சாரி" என்றால் அவன் இடசாரியைச் சொல்கிறானா, மன்னிப்புக் கேட்கிறானா என்று ஆசிரியர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ட்ரிஃப்டை மலைப்பாதைகளில் வளர்த்து, பந்தய ஓட்டுநர் கெய்இச்சி சுச்சியா போன்றவர்கள் வழியாக உலகறியச் செய்து, 2001இல் டி1 கிராண்ட் பிரி என்று தனிப் பந்தயத் தொடரே நடத்தத் தொடங்கிய ஜப்பானியர்கள், ஆங்கிலச் சொல்லை வாங்கி "டொரிஃபுட்டோ" என்று தங்கள் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டார்கள். கலையை வளர்த்தவர்களுக்கே இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? ட்ரிஃப்ட் என்றே அச்சிடுங்கள்.

கண்டனூரிலிருந்து:

தம்பி, ஜப்பானியர் தங்கள் ஒலிமரபுக்கு அதை வளைத்தார்கள் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நம் மரபில் டகரம் மொழிமுதல் வராது. அதோடு மெய்யும் முதலில் நிற்காது. ஒரே சொல்லில் இரண்டு பிழைகள். வளைப்பதென்றால் "திரிப்பு" என்று வளைக்கலாம், திரிதல் என்ற பொருளும் கிடைக்கும். ஆனால் வரலாற்றுத் திரிப்பு என்று நாளிதழ்கள் எழுதி எழுதி அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது.

கோட்டையூரிலிருந்து:

நான் தமிழாசிரியை இல்லை, வீட்டில் இருப்பவள். என் பேரன் நடைவண்டி தள்ளிப் பழகிய நாளில் வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, கழுவிவிட்டிருந்தோம். ஆத்தங்குடிக் கல்லின் மீது ஈரம் காயவில்லை. தூணைச் சுற்றித் திரும்பும்போது முன்சக்கரம் தூணின் பக்கமே நிற்க, பின்னால் இருந்த இரண்டு மரச்சக்கரங்களும் உருளாமல் அப்படியே வெளிப்பக்கமாக வழித்துக்கொண்டு போயின. கல்லின் மீது இரண்டு ஈரக்கோடுகள் வளைவாக விழுந்தன. என் ஆயா திண்ணையிலிருந்தே "வண்டி வாரிவிட்டது" என்று கத்தினார்கள். செம்மண் சாலையில் மழை நாளில் மொபெட் விழுந்தாலும் இந்த ஊரில் வாரிவிட்டது என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை? வாரல் என்று வையுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

ஆச்சி, உங்கள் கடிதம் என் கையேட்டில் பாதியைத் திருத்த வைத்துவிட்டது. எனக்கு ஒரு சொல் மட்டும் போதாது. பின்சக்கரம் பிடிவிட்டு வண்டி தேவைக்கு மேல் திரும்புவது ஒன்று. முன்சக்கரம் பிடிவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போவது மற்றொன்று. இவற்றை "மிகைத்திருப்பம்", "குறைத்திருப்பம்" என்று எழுதியிருந்தேன். மாணவர்களுக்கு எது எது என்று ஒவ்வொரு முறையும் குழம்பியது. பின்வாரல், முன்வாரல் என்று சொன்னதும் எந்த அச்சு பிடிவிடுகிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது. இரண்டையும் ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் ட்ரிஃப்டுக்கு வாரல் போதுமா என்பதில் ஐயம் இருக்கிறது. விளையாட்டில் நடப்பதைச் சொல்கிறேன். பின்சக்கரங்களால் உந்தப்படும் கார் ஒன்றில் மூன்றாம் கியரில் வளைவை நெருங்கிக் கைபிரேக்கை ஒரு கணம் இழுத்தால் பின்டயர்கள் பூட்டிக்கொண்டு வாரும். அதுவரை நடப்பது வாரல். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கை எதிர்ப்புறம் கொடுத்து, பின்டயர்கள் புகை கக்கிச் சுழலும் அளவுக்கு ஆக்சிலரேட்டரை மிதித்து, வண்டி சுற்றிக்கொண்டு நின்றுவிடாமலும் பிடி திரும்பி நேராகிவிடாமலும் நடுவில் நிறுத்துவதுதான் வித்தை. டியூனிங் முழுவதும் அந்த நடுநிலைக்காகத்தான். இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்லிணைப்புதான் டிஃபரன்ஷியல்; அதன் பூட்டை 100 விழுக்காட்டுக்கு அருகில் வைக்கச் சொல்கிறோம். ஏனென்றால் பூட்டு இல்லாவிட்டால் எடை குறைந்த உட்பக்கச் சக்கரம் மட்டும் வீணாகச் சுழன்று, வெளிப்பக்கச் சக்கரத்துக்கு விசை போய்ச் சேராது. முன்சக்கரங்களின் மேல்விளிம்பை உட்புறம் சாய்க்கச் சொல்கிறோம். எதிர்ப்புறம் முழுக்கத் திருப்பிய நிலையிலும் டயர் தரையில் பரவிப் படிய வேண்டும். இத்தனை ஏற்பாடும் விழாமல் இருப்பதற்கு. வாரிவிட்டது என்றால் விழுந்துவிட்டது என்றல்லவா கேட்கிறவர் நினைப்பார்?

கண்டனூரிலிருந்து:

அப்படியானால் சறுக்கைப் பாருங்கள். யானைக்கும் அடிசறுக்கும் என்று தவறுதலைக் குறிப்பது உண்மைதான். பங்குச்சந்தைச் சறுக்கலும் அப்படியே. ஆனால் பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடும் சறுக்குமரத்தில் ஒருவரும் தவறி விழுவதில்லை, விரும்பித்தான் இறங்குகிறார்கள். பனிச்சறுக்கு என்று எல்லா நாளிதழ்களும் எழுதுகின்றன. அதைப் படித்து யாரோ பனியில் விழுந்தார் என்று எண்ணுவார் இல்லை. தேர்ந்த கால்களின் வித்தைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே பழகிவிட்டது. எனவே சறுக்கு, ஓட்டம் இரண்டையும் சேர்த்துச் சறுக்கோட்டம் என்போம். "உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்" என்ற நன்னூல் விதிப்படி உகரம் கழன்று ஓடுகிறது. டயர் பிடிவிட்டு ஓடுவதைப் பற்றிய சொல்லுக்கு இதைவிடத் தகுந்த புணர்ச்சி அமையாது. ஆடுகிறவன் சறுக்கோட்டி. டயர் பார்க்கும் திசைக்கும் அது போகும் திசைக்கும் இடைப்பட்டது சறுக்குக்கோணம்.

தேவகோட்டையிலிருந்து:

சொல்லைப் பிரித்துப் பார்த்தீர்களா? உள்ளே "கோட்டம்" ஒளிந்திருக்கிறது. கோடுதல் வளைதல், கோட்டம் வளைவு. வளைவில் மட்டுமே நடக்கும் செயலுக்கு அமைந்த சொல்லில் வளைவு தானே வந்து உட்கார்ந்திருப்பதை நான் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் என் வாக்கு சாரிகைக்குத்தான்.

பள்ளத்தூரிலிருந்து:

கோட்டம் என்றால் என் நண்பர்களுக்கு அரசுப் பேருந்தின் பக்கவாட்டில் எழுதியிருப்பதுதான் நினைவுக்கு வரும். சறுக்கோட்டத்தை எதிர்க்கவில்லை. விளையாடும்போது நாங்கள் ட்ரிஃப்ட் என்றுதான் கத்துவோம்.

காரைக்குடியிலிருந்து:

அச்சகத்திலிருந்து இரண்டாம் முறையாக அழைத்துவிட்டார்கள். தலைப்பில் சறுக்கோட்டம் என்றும், முதல் வரியில் ஒரே ஒரு முறை ட்ரிஃப்ட் என்றும் போட்டிருக்கிறேன். பின்வாரலும் முன்வாரலும் நிற்கின்றன. டிஃபரன்ஷியலை யாரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. லாரிப் பட்டறையிலும் அது டிஃபரன்ஷியல்தான். ஸ்டீயரிங்கை எதிர்ப்புறம் கொடுப்பதற்கு "எதிர்த்திருப்பு" என்று எழுதியிருப்பது எனக்கே நிறைவாக இல்லை. மாலை ஐந்து மணி வரை மாற்றலாம்.

கோட்டையூரிலிருந்து:

பின்வாரலையும் முன்வாரலையும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் தாயான வாரலை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டீர்கள். எதிர்த்திருப்புக்கு என்னிடம் சொல் இல்லை. ஆனால் அன்றைக்கு என் பேரன் விழவில்லை என்பதை நீங்கள் ஒருவரும் கேட்கவில்லை. நடைவண்டியின் கட்டையை இறுகப் பிடித்தவாறே தூணைச் சுற்றி வந்துவிட்டான். அதைப் பார்த்துத்தான் ஆயா வாரிவிட்டது என்றார்கள்.