மறு: மலை தாண்டி இறங்கிச் சுடும் காற்றுக்கு என்ன பெயர்?

குழுவினர் எல்லாருக்கும் வணக்கம்.

நம் கதை நடக்கும் கூன்மலைத் தீவுக்குத் தம்பி போட்ட வரைபடத்தை நேற்று ராத்திரி வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே போட்டிருக்கிறார். வடக்குத் தெற்காக 90 கிலோமீட்டர், குறுக்கே 40. நடுவில் 2,000 மீட்டர் உயரத்துக்கு ஒரே மலைத்தொடர். ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று. கிழக்குக் கரையில் நனைதுறை, மேற்குக் கரையில் உப்புக்கரை. அங்கே சுவரெல்லாம் பாசி, இங்கே உப்பளம். கற்பனைத் தீவுதான் என்றாலும் கணக்கு பொய் சொல்லவில்லை. ஹவாய்ப் பெருந்தீவில் கிழக்குக் கரை ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதே தீவின் மேற்குக் கரையில் சில இடங்களில் 250 மில்லிமீட்டர் தேறினாலே பெரிது.

என் கவலை உப்புக்கரைக்கு மேலே போட்டிருக்கும் அந்தச் சிவப்பு அம்புக்குறி. பக்கத்தில் 'ஃபான் காற்று' என்று எழுதியிருக்கிறார். மலை தாண்டி இறங்கிச் சுடும் காற்றுக்கு ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் வைத்த பெயர் அது. தமிழ் பேசும் தீவில், தமிழ்க் கதையில், அவர்கள் சொல் எதற்கு? 'மழைமறைவு' நம்மிடம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது, நல்ல சொல்லும்கூட. ஆனால் அது மலை மழையை மறைத்துவிடும் இடத்தின் பெயர். காற்றுக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை.

பெயர் வைக்கும் முன் அந்தக் காற்று என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நனைதுறையில் கடற்காற்று 27 டிகிரி என்று வையுங்கள். மலையில் ஏறும்போது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி வீதம் குளிரும். 500 மீட்டரில் 22. அங்கே மேகம் திரளத் தொடங்குகிறது. நீராவி நீராகும்போது தனக்குள் வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தை விட்டுவிடும். அதனால் அதற்கு மேல் குளிர்வது மெதுவாகிறது, கிலோமீட்டருக்குத் தோராயமாக 6 டிகிரி. முகட்டுக்குப் போகும்போது 13. ஈரத்தை மழையாக அந்தப் பக்கமே கொட்டியாயிற்று. இனி மேற்கே இறங்க வேண்டும். இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும், அதுவும் முழு 10 டிகிரி வீதத்தில். 2,000 மீட்டர் இறங்கினால் 20 டிகிரி ஏறும். 27-இல் கிளம்பிய காற்று உப்புக்கரைக்கு 33-இல் வந்து சேர்கிறது, ஈரமே இல்லாமல். வெயில் இதற்குக் காரணம் இல்லை. ராத்திரியிலும் இது நடக்கும். 1943 ஜனவரி 22 அன்று அமெரிக்காவின் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் இப்படி மலையிறங்கிய காற்று இரண்டே நிமிடத்தில் மைனஸ் 20 டிகிரியை 7 டிகிரி ஆக்கியது. அது நடந்தது விடியற்காலை.

இந்தக் காற்றுக்குக் குழுவில் இதுவரை வந்த சொற்களில் 'இறங்குகாற்று' எளிமையானது. ஆனால் கொடைக்கானல் மாதிரி இடங்களில் ராத்திரி சரிவு வழியாக வழிந்து பள்ளத்தில் தேங்குகிறதே குளிர்காற்று, அதுவும் இறங்குவதுதான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிக்கிற பிள்ளை குழம்பும்.

தமிழாசிரியர் ஐயா சொன்ன 'கோடை'யை நான் ரொம்ப நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். வாடை வடக்கு, தென்றல் தெற்கு, கொண்டல் கிழக்கு, கோடை மேற்கு என்று நான்கு திசைக்கும் நான்கு காற்று வைத்திருந்த மொழி இது. சங்கப் பாட்டில் கோடை என்றால் மேற்கிலிருந்து வரும் வெங்காற்று. ஆனால் இன்று கோடை என்றதும் யாருக்கும் சித்திரை, வைகாசிதான் நினைவுக்கு வரும். உப்புக்கரையில் மாசி மாதம் கோடை வீசியது என்று எழுதினால் வாசகர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். மனசில்லாமல்தான் அதை விடுகிறேன், ஐயா.

நமக்கு வேண்டிய சொல் போடி அக்காவின் கடிதத்தில் இருக்கிறது. அவர் அதைச் சொல்லாக்கமாக எழுதவில்லை. 'ஆடி மாசம் எங்க ஊர்ல மேகாத்து அடிச்சா துணி அரை மணி நேரத்துல காஞ்சிரும்' என்று ஊர்க்கதை சொல்லும்போது போகிற போக்கில் வந்த சொல். அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மேகாத்து, அதாவது மேல்காற்று. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி தேனிப் பக்கம் ஆனி, ஆடியில் போனவர்களுக்கு இது தெரியும். மேற்கே மலைமுகட்டில் மேகம் மதில் மாதிரி நிற்கும். அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டித் தீர்க்கிறது. இந்தப் பக்கம் குமுளி, கூடலூர் வரை கொஞ்சம் சாரல். கீழே வர வர வெறும் காற்று. மண்ணை வாரி முகத்தில் அடிக்கும், உதடு வெடிக்கும், பைக்கை நிறுத்தினால் சாய்த்துவிடும். மதுரைக்கு வந்து சேரும்போது அதே காற்று 37, 38 டிகிரியில் இருக்கும். நாடே தென்மேற்குப் பருவமழையில் நனைகிற மாதத்தில் நாம் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறோம். அந்தப் பக்கத்து மழையை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியதுதான் 1895-இல் முடிந்த பெரியாறு அணை. ஆக தம்பி ஆல்ப்ஸ் வரை போய்த் தேடிய காற்று நம் வீட்டு மொட்டைமாடியில் துணி காய வைத்துக்கொண்டிருக்கிறது.

உடனே வரும் கேள்வி எனக்கும் வந்தது: மேல்காற்று என்றால் மேற்குக் காற்று அல்லவா? உப்புக்கரைக்கு அது கிழக்கிலிருந்துதானே வருகிறது?

'மேல்' முதலில் உயரம். அப்புறம்தான் திசை. தமிழ்நாட்டில் மலை இருக்கும் பக்கம் மேற்கு, நிலம் தாழ்ந்து கடலில் முடியும் பக்கம் கிழக்கு. மேல், கீழ் என்பதிலிருந்துதான் இந்த இரண்டு திசைப்பெயரும் பிறந்தன. வைகையும் மேலிருந்து கீழே ஓடுகிறது, மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. நமக்கு இரண்டும் ஒன்று. எனவே மேல்காற்றை 'உயரத்திலிருந்து இறங்கி வரும் காற்று' என்று படிக்க எந்த வளைப்பும் தேவையில்லை. மலை எந்தத் திசையில் இருந்தாலும் அந்தப் பக்கம்தான் மேல். ஹவாய்க்காரர்கள் இன்றும் வழி சொல்லும்போது மலைப்பக்கம் என்பதற்கு 'மௌக்கா', கடல்பக்கம் என்பதற்கு 'மக்காய்' என்கிறார்கள். தீவில் பிறந்தவனுக்கு அதுதான் இயல்பான திசை.

ஃபான் என்ற சொல்லின் கதையும் இதேதான். அதன் மூலம் ஃபவோனியஸ், ரோமானியர் மேற்குக் காற்றுக்கு வைத்த பெயர். ஆனால் ஆல்ப்ஸின் வடசரிவில் வீசும் ஃபான் தெற்கிலிருந்து வருகிறது! திசையை உதறிவிட்டுத் தொழிலை மட்டும் வைத்துக்கொண்டது அந்தச் சொல். அவர்களுடையது அப்படி மாறலாம் என்றால் நம்முடையதும் மாறலாம்.

இதற்கு எதிராகப் பேசக்கூடிய சான்று ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். மலையாளிகளுக்கு மலை கிழக்கே இருக்கிறது, ஆனாலும் அவர்கள் அந்தத் திசையைக் 'கிழக்கு', அதாவது கீழ்ப்பக்கம், என்றுதான் சொல்கிறார்கள். கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதைச் சுட்டிக்காட்டி, அச்சொல் மலைக்குக் கிழக்கே இருந்து போனது என்று வாதிட்டார். அதாவது மலை தாண்டியதும் சொல்லில் இருந்த உயரம் செத்துவிட்டது, திசை மட்டும் நின்றது. கூன்மலையிலும் அப்படி ஆகாதா? ஆகலாம். ஆனால் 'கிழக்கு'க்குள் இருக்கும் கீழைக் காது பிடிப்பதில்லை. 'மேல்காற்று' என்பதில் மேல் முழுசாக, உடையாமல் நிற்கிறது. முதல் தடவை கேட்கிற பிள்ளையும் மேலே பார்க்கும்.

இந்தக் காரணத்தால்தான் புணர்ச்சி விஷயத்தில் ஐயாவிடம் ஒரு சலுகை கேட்கிறேன். இலக்கணப்படி 'மேற்காற்று' என்று வர வேண்டும், தெரியும். அப்படி எழுதினால் கண்ணுக்கு மேற்கு என்றே படும். நாம் கழற்ற நினைக்கும் திசை திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். கலைச்சொல்லாக 'மேல்காற்று' என்று பிரித்தே நிறுத்துவோம். வானிலை அறிக்கையில் உயரத்துக் காற்றோடு மோதுமோ என்று பயப்பட வேண்டாம், அதற்கு 'மேலடுக்கு' ஏற்கெனவே ஊன்றிவிட்டது.

இதற்கு ஓர் இணையும் தானாகக் கிடைக்கிறது. நனைதுறையிலிருந்து மலையேறும் ஈரக்காற்று 'கீழ்க்காற்று'. கீழிருந்து ஏறுவது. முகடு வரை கீழ்க்காற்று, முகடு தாண்டினால் அதே காற்று மேல்காற்று. கொண்டல் என்ற பெயரை நனைதுறைச் செம்படவர்கள் வாயில் விட்டுவிடலாம். காற்றுக்கும் மேகத்துக்கும் ஒரே சொல்லாக அது அவர்களுக்குப் பொருந்தும்.

தம்பி, நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்த்துவிடுங்கள்: 'மேல்காற்று: மலை கடந்து இறங்கி, இறங்கும்போதே காய்ந்து சூடேறும் காற்று.' வரைபடத்தில் ஃபானை எடுத்துவிட்டு இதை எழுதுங்கள். கதைக்குள் உப்புக்கரை மக்கள் பேசும்போது 'மேகாத்து' என்றே வரட்டும். உப்பு விளைய அவர்கள் நம்பியிருப்பது அதைத்தானே. போடி அக்கா, உங்கள் ஊரில் மேல்காற்று எழும்பப்போவதை முந்தின நாளே எதை வைத்துச் சொல்வார்கள் என்று எழுதுங்கள். உப்பளத்துக் கிழவி ஒருத்தி அதைச் சொல்கிற இடம் மூன்றாம் அத்தியாயத்தில் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
திருப்பரங்குன்றத்திலிருந்து